காவல் பணிக்கு ஏன் வருகிறார்கள்?

காவல் பணியில் சேர விரும்பும் இளைஞரிடம் காரணம் கேட்டால், "மக்களுக்கு உதவ வேண்டும்" என்ற விடைதான் பெரும்பாலும் முதலில் வரும். நேர்காணலுக்கு மனப்பாடம் செய்த விடை என்று அதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால், நியூயார்க் நகரக் காவல்துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பிறருக்கு உதவும் வாய்ப்பும், பணிப் பாதுகாப்பும், பணிச் சலுகைகளுமே முன்வரிசையில் நின்றன. ஆண், பெண், இனம் என்ற வேறுபாடுகள் அந்த வரிசையைப் பெரிதாக மாற்றவில்லை. தொண்டுள்ளமும் சம்பளக் கணக்கும் ஒரே மனத்தில் சண்டையின்றிக் குடியிருக்கின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பச் செலவைப் பற்றிய கவலை குறைந்தவருக்கே, நீட்டப்படும் கையூட்டை மறுப்பது சற்று எளிதாகிறது என்பது என் எண்ணம்.

மற்றவர்களுக்குத் தோன்றாத தேவையைக் கண்டு இத்துறைக்கு வந்தவர்களும் உண்டு. சமூகப் பணியில் ஈடுபட்டிருந்த ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ், பெண்களும் குழந்தைகளும் சம்பந்தப்பட்ட வழக்குகளைக் கையாளப் பெண் காவலர் தேவை என்று வாதிட்டு, கையெழுத்துகள் திரட்டி மனு கொடுத்து, 1910-இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையில் பணியமர்ந்தார். அணிவதற்குச் சீருடைகூட அன்று இல்லாததால், அதையும் அவரே வடிவமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சீருடையின் மிடுக்குக்காக இத்துறைக்கு வருகிறார்கள் என்று பொதுவாகச் சொல்பவர்களுக்கு இவர் ஒரு நல்ல மறுமொழி.

எனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவரின் காரணம் இன்னும் சிறியது. பள்ளி நாட்களில் தாயுடன் புகார் கொடுக்கச் சென்றபோது, பணியில் இருந்த பெண் காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அழுகையினூடே முன்னும் பின்னுமாக வந்த பேச்சை இடைமறிக்காமல் கேட்டு, பிறகு நேரவரிசைப்படி எழுதி, கையெழுத்து வாங்கும் முன் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக் காட்டினாராம். திருடன் பிடிபட்டானா என்பது அந்த அதிகாரிக்கு நினைவில்லை. தாயின் பேச்சு தெளிவான வாக்கியங்களாக மாறியது மட்டும் நினைவிருக்கிறது. துரத்தல்களைவிட இத்தகைய காட்சிகளே பலரை இப்பணிக்கு இழுக்கின்றன என்று நினைக்கிறேன். நேர்மாறாக, காவல் நிலையத்தில் அவமதிக்கப்பட்டு, "அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தால் இப்படி நடத்த மாட்டேன்" என்ற வீம்போடு தேர்வெழுதுபவர்களும் இருக்கிறார்கள். கோபம் மோசமான தூண்டுகோல் அல்ல. அது பழிவாங்கலாகத் திரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே நியூயார்க் காவலர்களை ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தபோது, அவர்கள் சொன்ன காரணங்கள் அதிகம் மாறியிருக்கவில்லை. எதிர்பார்த்தது கிடைக்காதவர்களிடம்தான் மனக்குறை மிகுந்திருந்தது. ஆகவே, ஆள் எடுப்பவர்கள் "ஏன் வருகிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், அறிக்கை எழுதுவதிலும் காவல் நிற்பதிலும் கழியும் இரவுப் பணியை விண்ணப்பதாரர் ஒருமுறையேனும் உடனிருந்து பார்க்க ஏற்பாடு செய்வது நல்லது.