நாலேகால் வட்டி

வீடு சத்துவாச்சாரியில். வேலை ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், கணக்குப் பிரிவில். ஊரார் சம்பளம், பிஎஃப், ஓவர்டைம் எல்லாவற்றையும் பைசா பிசகாமல் போடுகிறவன், சொந்த கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டைப் பதினான்கு மாதம் திறந்தே பார்க்கவில்லை. எஸ்எம்எஸ்ஸில் இரண்டு தொகை வரும்: மொத்த பாக்கி, அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய 'மினிமம்'. சின்னதைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

இரண்டு கார்டு. ஒன்றில் 1,20,000, இன்னொன்றில் 64,000. ஊதாரித்தனமாகச் செலவழித்ததில்லை. ஒரு ஏசி (வேலூரில் மே மாதத்தைக் கழித்தவர்கள் என்னைத் திட்ட மாட்டார்கள்), பையனுடைய ஸ்கூல் ஃபீஸ், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஏடிஎம்மில் கார்டைப் போட்டு எடுத்த 15,000. இந்தக் கடைசிதான் மகா தப்பு. ரொக்கமாக எடுத்தால் அதற்கென்று தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் எடுத்த அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும்.

விஷயம் வெளியே வந்தது ஆற்காட்டில், அம்மா வீட்டில். அவசரத்துக்கு 5,000 கேட்டேன். அம்மா எதையும் வட்டிக் கணக்கில் கேட்கிற ஆள். "கார்டுன்றியே, அது இன்னா வட்டிடா?" என்றார். மாதம் 3.6 சதவீதம், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று சொல்லிக்கொண்டே மொபைலில் பெருக்கினேன். 4.248 வந்தது.

"நாலேகால் வட்டியா? பஜார் சேட்டே ரெண்டு வட்டிக்குத் தரான். நீ படிச்சவன்தானே?"

நூற்றுக்கு மாதம் நாலேகால் ரூபாய். ஸ்டேட்மெண்ட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அதில் வருடத்துக்கு 43.2 சதவீதம் என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போது அது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது. அம்மா வாயில் நாலேகால் வட்டியாக வந்தபோதுதான் உறைத்தது.

அன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1,20,000-க்கு ஒரு மாத வட்டி 4,320. ஜிஎஸ்டி 778. ஆக 5,098. நான் கட்டிவந்த மினிமம் 6,000. அசலில் கழிந்தது 902 ரூபாய்! அதே கார்டில் மாதம் 2,000-க்குப் பெட்ரோல் வேறு. பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லாத நாட்களே கிடையாது, தேய்த்த அன்றிலிருந்தே வட்டி. பதினான்கு மாதம் கட்டியும் கடன் இம்மிகூடக் குறையாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கம்பெனியில் ஒரு நண்பர், "மூணு நாலு மாசம் கட்டாம விடு, அவங்களே செட்டில்மெண்ட்டுக்கு வருவாங்க" என்றார். அவர் அப்படிச் செய்தவர்தான். பாதித் தொகையோடு முடிந்ததும் உண்மை. ஆனால் நாம் கடனை எப்படிக் கட்டினோம் என்று வங்கிகள் பார்க்கிற சிபில் அறிக்கையில் முழுதாகக் கட்டி முடித்தவர் என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் நிற்கும். பின்னால் வீட்டுக் கடன் கேட்டுப் போனபோது அவருக்கு அதுவே முட்டுக்கட்டை. வசூல்காரர்கள் ராத்திரி எட்டரைக்கெல்லாம் கூப்பிட்டார்களாம். காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. எனக்கு அந்த வழி வேண்டாம் என்று பட்டது.

வழி சொன்னது மனைவி. "நாலு சவரன் செயின் பீரோவுலதானே தூங்குது" என்றாள். எனக்குக் கூச்சம், இரண்டு நாள் பேச்சை மாற்றினேன். மூன்றாம் நாள் அவளே பாஸ்புக்கோடு கிளம்பிவிட்டாள். வங்கியில் மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, ஒரு மணி நேரத்தில் 1,20,000 கணக்கில் ஏறிவிட்டது. வட்டி வருடத்துக்கு ஒன்பதரை. அம்மா கணக்கில் முக்கால் வட்டிக்குச் சற்று மேல். 5,098 போய்க்கொண்டிருந்த இடத்தில் 950. பெரிய கார்டை அன்றே முழுதாக அடைத்தேன்.

அடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் 2,549-க்கு பில் வந்தது. கஸ்டமர் கேரில் சண்டை போட்டபிறகு புரிந்தது: பில் போட்ட தேதிக்கும் நான் கட்டிய தேதிக்கும் நடுவில் பதினைந்து நாள், அதற்கான வட்டி. அவர்கள் கணக்கு சரிதான். கட்டும் அன்று போன் போட்டு, இன்றைய தேதிக்கு முழுதாக முடிக்க எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். 'கட்டியாச்சு' என்று இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கும்.

அதையும் கட்டிவிட்டு, கார்டை மூடச் சொல்லி மெயில் அனுப்பினேன். போனில் கேட்டபோது ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி, அது இது என்று இழுத்தார்கள். பாக்கி இல்லையென்றால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பது 2022-ல் வந்த ரிசர்வ் வங்கி விதி. அதை ஒரு வரியில் குறிப்பிட்டேன். ஐந்தாம் நாள் மூடியதாகப் பதில் வந்தது.

64,000 பாக்கி இருந்த இரண்டாவது கார்டை 18 மாத இஎம்ஐயாக மாற்றினேன். வருடத்துக்கு 15 சதவீதம், ஜிஎஸ்டியோடு மாதம் 4,000-க்குச் சற்று மேல். அந்த கார்டு மனைவியின் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் போய்விட்டது. பெட்ரோலுக்கு இப்போது ரொக்கம்தான். ரொக்கம் குறைந்தால் பைக்கும் குறைவாகத்தான் ஓடுகிறது.

நகைக் கடனுக்கு மாதம் 6,000 கட்டினேன். தீபாவளி போனஸ் 28,000 அப்படியே போனது, அந்தத் தடவை எனக்குச் சட்டைகூட எடுக்கவில்லை. கடைசியில் இடித்த தொகைக்கு அம்மா தன் ஏலச் சீட்டை எடுத்து 30,000 கொடுத்தார். "இதுக்கு இன்னா வட்டி?" என்று கேட்டேன். "வாரா வாரம் வந்து மூஞ்சி காட்டு, போதும்" என்றார்.

பன்னிரண்டாம் மாதம் செயினை மீட்டோம். வங்கி வாசலிலேயே மனைவி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கொக்கி கொஞ்சம் வளைந்திருந்தது, லாங் பஜாரில் ஆசாரியிடம் கொடுத்து நிமிர்த்தினோம். இரண்டாவது கார்டில் இன்னும் ஆறு தவணை இருக்கிறது.