முற்றத்து மூலிகையும் மூன்று நாள் கணக்கும்

மலையாளத்தில் கர்க்கடகம் எனப்படும் ஆடி பிறந்தால், கேரளத்துப் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் கடைத்தெருக்களில் கர்க்கடகக் கஞ்சிப் பொட்டலங்கள் தொங்கத் தொடங்கிவிடும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரையுள்ள இந்தக் கிழக்கு ஓரத்தில் வீட்டில் பேசுவது தமிழ். ரேஷன் கார்டில் இருப்பது மலையாளம். மருந்திலும் அப்படியே. பொள்ளாச்சியின் நாட்டு மருந்துக் கடையும் பாலக்காட்டின் அங்காடி மருந்துக் கடையும் எங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. கரிசல் மண்ணும் பனையுமான வறண்ட பகுதி இது என்பதால் ஆடாதோடை, நொச்சி, தூதுவளை, பிரண்டை ஆகியவை வேலியோரத்திலேயே கிடைக்கும். மலையோரத்து ஈரத்தில் வளரும் திப்பிலி போன்றவற்றை மட்டும் விலைக்கு வாங்குவோம். சித்தம், ஆயுர்வேதம் என்று பெயர் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் அடுக்களைகளில் இருந்ததில்லை. ஆனால் அந்த இரண்டு மரபுகளுக்கும் பொதுவாக இருந்த ஒன்றை, அதாவது மருந்துக்கு அளவும் நாள் கணக்கும் பத்தியமும் வைப்பதை, நாங்கள் கண்ணெதிரே கைவிட்டு வருகிறோம் என்பதே என் வருத்தம்.

அந்தக் கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். ஞவரை என்னும் கேரளத்து மருந்து அரிசியுடன் வெந்தயம், சீரகம், அவரவர் வீட்டு வழக்கப்படி சில மூலிகைகள் சேர்த்து, குழையக் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவார்கள். மழைக்காலத்தில் பசி மந்தப்படும்போது எளிதில் செரிக்கும் உணவு என்பதைத் தாண்டி அதற்குப் பெரிய மாயம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதை ஏழு நாளோ பதினான்கு நாளோ என்று முன்பே முடிவு செய்து தொடங்குவார்கள்; அந்த நாள்களில் புலால் இல்லை, எண்ணெய்ப் பலகாரம் இல்லை. இப்போது பொட்டலம் வாங்குகிறவர்கள் காலையில் கஞ்சியும் மாலையில் பொரித்த கோழியுமாக மாதம் முழுவதும் ஓட்டுகிறார்கள். கஞ்சியால் ஒரு கேடும் வராது என்பதால் இதில் நட்டம் பணம் மட்டுமே. எல்லாவற்றிலும் நட்டம் இவ்வளவோடு நிற்பதில்லை.

இரும்பன் புளியை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. பிலிம்பி என்றும் சொல்வார்கள். அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்; விரல் நீளத்தில், பச்சை நிறத்தில், கடித்தால் பல் கூசும் புளிப்போடு இருக்கும். மீன் குழம்பில் இரண்டு மூன்று காய் போடுவதும், உப்பிட்டு வெயிலில் உலர்த்தி வைப்பதும், ஊறுகாய் போடுவதும் நெடுநாள் வழக்கம். அரிவாள்மனையின் துருவையும் பித்தளை விளக்கின் களிம்பையும் இதைத் தேய்த்தே போக்குவார்கள். அந்த வேலையைச் செய்யும் ஆக்சாலிக் அமிலம்தான் இதன் ஆபத்தும். கொழுப்பைக் குறைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, காய்களை அரைத்துப் பிழிந்த சாற்றை வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கம் கேரளத்தில் பரவியது. இப்படிக் குடித்துச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி, மாநிலத்தின் ஐந்து மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய விவரங்கள் 2013-இல் இந்தியச் சிறுநீரகவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயின. அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. சாற்றிலுள்ள ஆக்சலேட் இரத்தத்தில் கலந்து, சிறுநீரக நுண்குழாய்களில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி அடைத்துக்கொண்டதே காரணம். குழம்பில் விழும் இரண்டு காய் ஒரு குடும்பத்துக்கே பங்காகிறது, உணவிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது; சாறாக்கிக் குடிப்பவர் வயிற்றில் அந்தத் தடை எதுவும் இல்லை. காய் அதேதான், மரமும் அதேதான். கறிக்கு உரியதை மருந்தாக்கியவர்கள் அளவை மட்டும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை.

கொரோனா காலத்தில் சீந்தில் கொடியும் இதே வழியில் போனது. எப்போதோ வைத்தியர் சொல்லி எடுத்துக்கொண்ட அந்தக் கொடியை, எதிர்ப்பு சக்திக்கு என்று மாதக்கணக்கில் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்தபின் கல்லீரல் அழற்சி கண்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, அவர்கள் உட்கொண்டது சீந்திலைப் போலவே தோன்றும் வேறொரு கொடியாக இருக்கலாம் என்றது. அமைச்சகத்தின் வாதத்தையே ஏற்றுக்கொண்டாலும் வேலியில் படர்ந்ததை அறுத்து வந்து காய்ச்சும் நமக்கு அது ஆறுதல் தருமா என்ன?

இவ்வளவு சொல்வதால் நான் மூலிகைகளுக்கு எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் முதலில் கை நீள்வது ஆடாதோடைக்குத்தான். இங்கே ஆடலோடகம் என்றும் சொல்வார்கள். பச்சை இலையை எவ்வளவு இடித்தாலும் சாறு எளிதில் இறங்காது. அதனால் முற்றிய இலைகளாய்ப் பறித்துக் கழுவி, வாழையிலையில் பொதிந்து, இட்லிப் பானையில் ஆவி காட்டவேண்டும். பிரிக்கும்போது இலைகள் நிறம் மங்கித் துவண்டு கிடக்கும். சூடு பொறுக்கும் பதத்தில் கசக்கித் துணியில் பிழிந்தால் கரும்பச்சையாய்ச் சாறு இறங்கும். ஒரு தேக்கரண்டிச் சாற்றில் அதே அளவு தேன் கலந்தாலும் கசப்பு நாக்கின் அடியில் நெடுநேரம் நிற்கும். அந்தக் கசப்பும் ஒருவகையில் காவல்தான். யாரும் ஆசைப்பட்டு அளவுக்கு மேல் குடிக்கமாட்டார்கள். இவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாக வைத்தே புரோம்ஹெக்சின் உருவாயிற்று. 1960களிலிருந்து பல நாடுகளில் சளி இளக்கும் மருந்தாக விற்கப்படுவது அது. ஆகவே பலன் பொய்யில்லை. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையும் உடையது என்பதால் கருவுற்ற பெண்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது. இலையை அறிந்தவர்கள் பலர் இதை அறிந்திருப்பதில்லை.

வளர்ந்த பிள்ளைகளுக்குக் கற்பூரவள்ளி போதும். அடுப்புத் தணலுக்கு மேலே இலையைப் பிடித்தால் அதன் பூனைமயிர்ப் பரப்பு ஈரம் விட்டுத் தளரும். உடனே உள்ளங்கையில் வைத்து முறுக்கினால் நாலைந்து சொட்டு வரும், அவ்வளவுதான் மருந்து. இதற்கெல்லாம் என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வைத்திருந்த சட்டம் ஒன்றே. "மூணு நாளு குடி கண்ணு. கேக்கலீன்னா நாலாம் நாளு டாக்டருகிட்டப் போயிரு." எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். மூச்சு இளைத்தால் அந்த மூன்று நாளையும் பார்க்கமாட்டார். உடனே வண்டி கட்டச் சொல்லிவிடுவார்.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் நான் அவரையும் பின்பற்றுவதில்லை. சுட்ட வசம்பையும் ஜாதிக்காயையும் மாசிக்காயையும் கடுக்காயையும் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவும் உரைமருந்து, இன்றும் எங்கள் பக்கத்துத் தொட்டில்களை விட்டு அகலவில்லை. வசம்பின் எண்ணெயிலுள்ள பீட்டா அசரோன் நஞ்சு என்பதாலேயே அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவுப் பொருள்களில் சேர்ப்பதைத் தடைசெய்தது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. தேனும் ஒரு வயதுக்குள் ஆகாது; அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். 'நாங்களெல்லாம் இதைத் தின்று வளரவில்லையா?' என்று கேட்பவர்கள், அன்று வளராமல் போன பிள்ளைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு அதிகக் கவலை தருவது மஞ்சள் காமாலைதான். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது இரண்டு மாநிலத்துக்கும் பொது வழக்கம். கீழாநெல்லியை அறிவியல் புறக்கணித்துவிடவில்லை. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, 1988-இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவுகள் பெரும் நம்பிக்கையூட்டின. பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெளிவாகக் கிடைக்கவில்லை. நம் ஊரில் மழைக்காலத்தில் வருவதோ பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. அசுத்தத் தண்ணீரால் பரவும் இது, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அதன் பெருமை முழுவதும் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆறிவிடுவதில்லை. 2024-இல் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்ஙூரில் இந்நோய் பரவியபோது உயிரிழப்பும் நேர்ந்தது.

தவிரவும், மஞ்சள் கண்ணெல்லாம் ஒரே நோயின் அடையாளமில்லை. இங்கே எலிப்பனி என்று சொல்லும் எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்கி நிற்பவர்களின் கால் வெடிப்பு வழியே உடலில் புகுகிறது. காய்ச்சலும், கெண்டைக்கால் தசையில் தொடமுடியாத வலியும், கண் சிவப்பும் முதலில் வரும். முற்றினால் கண் மஞ்சளித்துச் சிறுநீர் குறையும். தொடக்கத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். நெல் வயலில் நாள் முழுவதும் நிற்கும் ஒருவருக்குக் காமாலை என்று முடிவுகட்டி ஒரு வாரம் பச்சிலை கொடுத்தால், அந்த ஒரு வாரமே எமனாகிவிடும். இரத்தப் பரிசோதனைக்கு முன்பாகக் கீழாநெல்லியைத் தொடவேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

காமாலையைத் தடுக்க வேண்டுமானால் பார்க்கவேண்டியது குடிநீரைத்தான். பதிமுகக் கட்டையைப் போட்டு இளஞ்சிவப்பாய்க் காய்ச்சிய தண்ணீரைக் கேரளத்து உணவகங்களில் எல்லோரும் குடித்திருப்பீர்கள். பதிமுகத்தின் குணம் பற்றிப் பலவும் சொல்வார்கள். என் எண்ணத்தில் அந்த நிறத்தைவிடக் கொதிதான் மருந்து. ஆனால் விருந்து வீடுகளில் பரிமாறும் அவசரத்தில், காய்ச்சிய பதிமுக நீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றிவிடுகிறார்கள். நிறம் அப்படியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தண்ணீரை முதல்நாள் இரவே கொதிக்கக் காய்ச்சி மூடி ஆறவைத்தால் இந்த வம்பு இல்லை.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் குடித்ததை மறைக்கவும் வேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு பாகற்காய்ச் சாறும் குடித்துச் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்களின் வீட்டார், கேட்டால் "மருந்து எதுவும் இல்லைங்க" என்றுதான் சொல்வார்கள். சாற்றை அவர்கள் மருந்தாக எண்ணுவதில்லை. எந்த இலை, எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போகலாம். பெயர் தெரியாவிட்டால் இலையும் பூவுமாக ஒரு கொத்தை ஒடித்து எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.