மணல் பிடித்திருக்கும் பாய்மரம்

நேற்று சாயங்காலம் மகளோடு ஜுமைரா கடற்கரையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரில் பாய்மர வடிவில் கடலுக்குள் நிற்கும் ஓட்டல், புர்ஜ் அல் அரப். துபாய்க்கு வந்ததிலிருந்து எத்தனையோ தடவை பார்த்ததுதான். ஆனாலும் பொழுது இறங்கி அந்த வெள்ளைப் பாய் மெல்ல மெல்ல செம்மஞ்சளாகும்போது கண்ணை எடுக்க முடியவில்லை.

கரையைப் பார்த்திருக்கும் அந்த வெள்ளை முகப்பு, சுவர் இல்லை. துணி! டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணி. பகலில் சுள்ளென்ற வெயிலை வடிகட்டி உள்ளே மெல்லிய வெளிச்சமாக விடும். இரவில் வண்ண விளக்குகளுக்கு அதுவே திரை.

கட்டடக் கலைஞர் டாம் ரைட் வடிவமைத்தது; 1999 டிசம்பரில் திறக்கப்பட்டது. 321 மீட்டர் உயரம். உள்ளே இருக்கும் தங்கத் தகட்டையும் அறை வாடகையையும் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதன் காலடிதான் அதிசயம். கரையிலிருந்து 280 மீட்டர் தள்ளி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவு அது. கட்டடத்தைத் தாங்கப் பாறை கிடையாது, மணல்தான். 200-க்கும் மேற்பட்ட கான்கிரீட் தூண்களை ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். மணலுக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் உராய்வுதான் அவ்வளவு எடையையும் தாங்குகிறது.

மகளிடம் இதைச் சொல்லி, ஈர மணலில் அவள் கையை முழங்கை வரை புதைத்து, இழுக்கச் சொன்னேன்.

"அப்பா, விடமாட்டேங்குதுப்பா!"