புல் யார் கணக்கில்?

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் கணக்கு பார்க்கிறேன். ஃபுட்பால் என்றால் இங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது. அதற்கென்று கட்டிய ஸ்டேடியத்தில் உள்ளூர் ஆட்டம் வருஷத்துக்கு ஆறோ ஏழோதான். மற்ற நாளெல்லாம் ஆடி மாசத்துக் கல்யாண மண்டபம் மாதிரி பூட்டிக் கிடக்கும். கட்டடக் கடனுக்கான வட்டி மட்டும் ஆடி, ஆவணி பார்ப்பதில்லை.

2025 ஜூன் 6 வரை இது எங்கள் துறையில் யாருக்கும் பெரிய கவலையாக இருக்கவில்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் மீது நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் தொடுத்த வழக்கில் அன்றுதான் நீதிபதி கிளாடியா வில்கன் செட்டில்மென்ட்டுக்கு ஒப்புதல் கொடுத்தார். பழைய பாக்கியாக வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர், பத்து வருஷத் தவணையில். அது போக, ஜூலை 1 முதல் கல்லூரிகள் விருப்பப்பட்டால் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதல் வருஷ உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். 'விருப்பப்பட்டால்' என்பதெல்லாம் காகிதத்தில். பக்கத்துக் கல்லூரி கொடுத்தால் நாமும் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் நல்ல பையன் அங்கே போய்விடுவான். பையன்கள் தாராளமாக வாங்கட்டும், அவர்கள் உடம்பு, அவர்கள் உழைப்பு. பணம் எங்கிருந்து வரும் என்பதுதான் என் பிரச்சினை.

கச்சேரியிலிருந்து என்றார்கள் மேலே.

கையில் உதாரணங்கள் இருந்தன. 2024 ஜூன் 15 அன்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கைல் ஃபீல்டில் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் பாட, 1,10,905 பேர் வந்தார்கள். மேடையை நட்டநடுவில் போட்டதால் நாலு பக்கமும் டிக்கெட் விற்க முடிந்தது. 1977இலிருந்து கிரேட்ஃபுல் டெட் குழு வைத்திருந்த 1,07,019 என்ற, டிக்கெட் கச்சேரிக்கான அமெரிக்கச் சாதனை அத்தோடு போனது. 2025 செப்டம்பர் 27இல் மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஜாக் பிரையனுக்கு 1,12,408 பேர். 1927இல் திறந்த இடம். அதுதான் அங்கே முதல் கச்சேரியாம்.

கூட்டம் வேறு, கல்லாவில் மிஞ்சுவது வேறு. டிக்கெட் பணத்தில் பெரும்பகுதி பாடகருக்கும் கச்சேரியை நடத்தும் புரமோட்டருக்கும் போய்விடும். எங்களுக்கு வாடகை, பார்க்கிங், பீரிலும் தீனியிலும் ஒரு பங்கு.

அடுத்த மே மாதம் எங்கள் முறை வந்தது. அன்று ஒரு பாட்டைக்கூட நான் முழுதாகக் கேட்கவில்லை. வெளியூர் அணி உடை மாற்றும் அறையில் ஒரு மடக்கு மேஜை; எதிரே புரமோட்டரின் கணக்காளர், அறுபதைத் தாண்டியவர், காதில் அடைப்பான். கூட்டம் கலைவதற்குள் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும். இதற்கும் தொழிலில் செட்டில்மென்ட் என்றுதான் பெயர். போலீஸ் ஓவர்டைம், வாசலில் நின்றவர்கள் எத்தனை பேர், எத்தனை மணிக்கு வந்தார்கள், ஓசி டிக்கெட் எத்தனை என்று வரி வரியாகப் போனார். பன்னிரண்டு பெட்டி தண்ணீர் பாட்டிலுக்காகக் கால் மணி நேரம் வாதாடினோம். மேலே கான்கிரீட் அதிர, என் கால்குலேட்டர் மேஜையில் தானாக நகர்ந்தது. (2022 ஏப்ரலில் பேடன் ரூஜில் கார்த் ப்ரூக்ஸ் பாடியபோது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கமானியே அசைந்ததாம். எங்களுக்குக் கால்குலேட்டர்தான் சாட்சி.)

கடைசியில் புல்லுக்கு வந்தோம். மேடைக்கும் நாற்காலிகளுக்கும் அடியில் மைதானம் முழுக்கப் பிளாஸ்டிக் பலகை. ஓரிரு நாள் என்றால் பெர்முடா புல் தாங்கும். மேடை கட்டப் பிரிக்க என்று ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்போல் இருந்தது. ஒப்பந்தப்படி 'வழக்கமான தேய்மானம்' எங்கள் தலையில், 'சேதம்' அவர்கள் தலையில். மஞ்சளாகிப்போன புல் இதில் எது? பலகையை எடுத்தால்தானே தெரியும்? ஆனால் கையெழுத்து இப்போதே வேண்டும். பெரியவர் பேனாவை என் பக்கம் நகர்த்தி, இத்தனை வருஷத்தில் புல் பிழைக்காத மைதானத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார். போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

நாலாம் நாள் மைதானப் பராமரிப்பாளர் ஒரு பலகையைத் தூக்கினார். குனிந்து மோந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்தே எனக்கும் வாசனை வந்தது: மழையில் நனைந்து ஊறிய வைக்கோல். நடுவில் பாதி மைதானத்துக்குப் புதுப் புல் பத்தை வாங்கிப் பதிக்க வேண்டியிருந்தது. பில் எங்களுக்கு.

அதையும் கழித்த பிறகு மிஞ்சியதை அந்த 2.05 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்டா பாயசத்தில் ஒற்றை முந்திரி. ஆனால் வெளியே போன அறிக்கையில் இருந்தது மொத்த வசூல். அதைப் பார்த்துவிட்டு, வருஷத்துக்கு இரண்டாகச் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள்.

போன வாரம் அடுத்த கச்சேரிக்கான ஒப்பந்த வரைவு வந்தது. பலகை எடுத்து ஐந்து நாள் கழித்துப் புல் கணக்கைத் தனியாகத் தீர்ப்பது என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். மற்றதையெல்லாம் ஏற்றுக்கொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் சிவப்பில் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.