98.6-இல் உள்ள அந்த 6

தமிழ்நாட்டில் நாம் இரண்டு வெப்ப அளவுகளை ஒருசேரப் புழங்குகிறோம். வானிலை ஆய்வு மையம் வெயிலைச் செல்சியஸில் அறிவிக்கிறது. நாளிதழ்கள் அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றி ‘வெயில் சதமடித்தது’ என எழுதுகின்றன. வீட்டில் காய்ச்சலையும் பெரும்பாலும் பாரன்ஹீட்டில்தான் சொல்கிறோம். ஆகவே இந்த மாற்றத்தைச் சூத்திரமாக மனனம் செய்வதைவிட, அதன் அமைப்பைப் புரிந்துகொள்வது நல்லது.

தண்ணீர் உறையும் நிலைக்கும் கொதிக்கும் நிலைக்கும் இடைப்பட்ட தொலைவைச் செல்சியஸ் 100 பாகமாகவும், பாரன்ஹீட் 32-இல் தொடங்கி 212 வரை 180 பாகமாகவும் பிரிக்கின்றன. எனவே மாற்றத்தில் இரண்டு செயல்கள் உள்ளன: 1.8-ஆல் பெருக்குவது பாகத்தின் அளவை ஈடுசெய்கிறது, 32-ஐக் கூட்டுவது தொடக்கப் புள்ளியை ஈடுசெய்கிறது. மனக்கணக்காகச் செய்ய, எண்ணை இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32-ஐக் கூட்டினால் போதும். 37-ஐ இரட்டித்தால் 74, அதில் 7.4 போக 66.6, 32 சேர்ந்தால் 98.6.

எல்லோரும் அறிந்த இந்த 98.6 இப்படித்தான் பிறந்தது. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ், ஏராளமான நோயாளிகளின் அக்குளில் வெப்பமானி வைத்து அளந்து, 1868-இல் வெளியிட்ட நூலில் உடலின் சராசரி வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் என்றார். நலமாக உள்ளவரிடமும் அது ஏறத்தாழ 36.2 முதல் 37.5 வரை மாறும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். அந்த 37 பாரன்ஹீட்டுக்கு மாறியபோது, தசமப் புள்ளிக்குப் பின் வந்து நின்ற 6 பெருக்கலின் விளைவே தவிர, உடலைப் பற்றிய நுட்பமான செய்தி அன்று. காய்ச்சலின் எல்லையாக மருத்துவர்கள் சொல்லும் 100.4-உம் 38 டிகிரி செல்சியஸின் மறுவடிவமே. குழந்தைக்கு 99 என்று கண்டதும் பதறும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்னொரு இடத்திலும் கவனம் தேவை. வெப்பநிலையை மாற்றுவது வேறு, வெப்பநிலை வேறுபாட்டை மாற்றுவது வேறு. 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் காலநிலை உடன்படிக்கை பேசும் 1.5 டிகிரி செல்சியஸ் புவி வெப்பநிலை உயர்வு, பாரன்ஹீட்டில் 2.7 டிகிரி உயர்வாகும். அங்கே 32-ஐயும் கூட்டினால் 34.7 என்ற பொருளற்ற எண் கிடைக்கும். அறிவியலில் புழங்கும் கெல்வின் அளவில் அந்த உயர்வு 1.5-ஆகவே இருக்கும், ஏனெனில் கெல்வினின் பாகமும் செல்சியஸின் பாகமும் ஒரே அளவுடையவை. தொடக்கம் மட்டும் 273.15 பாகம் கீழே இருக்கிறது. அந்தத் தொடக்கமே, அதற்குக் கீழே வெப்பநிலை இல்லாத உண்மையான சுழி என்பதால், ‘20 டிகிரியைப் போல் 40 டிகிரி இருமடங்கு வெப்பம்’ என்று செல்சியஸில் சொல்வதும் பிழை: கெல்வினில் அது 293.15-இலிருந்து 313.15-க்குச் செல்லும், ஏறத்தாழ 7 விழுக்காட்டு உயர்வு மட்டுமே.