ஷட்டர் திறந்த ஜிம்

6 ஆகஸ்ட் 2021, வெள்ளி

சிங்கப்பூர் அரசின் கோவிட் பணிக்குழுவின் செய்தியாளர் கூட்டத்தை வேலையிடத்துப் பேன்ட்ரியில் கைப்பேசியில் பார்த்தேன். வரும் 10ஆம் தேதி முதல், தடுப்பூசி முழுமையாகப் போட்டு இரண்டு வாரம் கடந்தவர்கள் ஐந்து பேர் வரை கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஜிம்மில் முகக்கவசம் இல்லாமல் கடுமையாகப் பயிற்சி செய்யவும் அவர்களுக்கு அனுமதி.

கூட்டம் முடிவதற்குள் மாஸ்டரிடமிருந்து செய்தி: "தம்பி, செவ்வாய் காலை ஆறு மணி ஸ்லாட் போட்டாச்சு. நீங்க?" அவர் எதற்கும் மாஸ்டர் இல்லை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அறுபது வயதுக்கு மேல் அவர் டெட்லிஃப்ட் எடுப்பதைப் பார்த்து ஜிம்மில் யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

"பார்க்கலாம் மாஸ்டர்" என்று பதில் போட்டேன்.

மே 8ஆம் தேதி மூடியதிலிருந்து நான் பளு தொடவில்லை. ஜூன் 21இல் இரண்டு இரண்டு பேராக விட்டார்கள். போவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேடிவி என்கிற கரோக்கே கூடங்கள், ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் என்று தொற்றுக் குழுமங்கள் கிளம்பி, ஜூலை 22இல் திரும்பவும் பூட்டிவிட்டார்கள். போன தடவை அரசாங்கமே என் வேலையை மிச்சம் செய்துவிட்டது. இந்தத் தடவை அப்படித் தப்பிக்க முடியாது போலிருக்கிறது.

8 ஆகஸ்ட், ஞாயிறு

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி போன மாத ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 6.3 விழுக்காடு. ஒழுங்காக ஜிம்முக்குப் போன காலத்தில் 5.8 இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை ஆரம்பித்தது நாற்பத்தைந்தில். எனக்கு இப்போது நாற்பத்து நான்கு. 2016இலேயே இந்த நாட்டில் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தாயிற்று. இங்கே இனவாரியாகப் பார்த்தால் முன்வரிசையில் நிற்பது நம்மவர்கள்தான். தொடைத் தசை வேலை செய்யும்போது இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று பலதுறை மருந்தகத்து டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். நடந்தாலும் நல்லதுதான். ஆனால் எனக்கு நடை ஒத்துவருவதில்லை. ஆரம்பித்து ஒரு வாரத்தில் மழை பெய்யும், அப்புறம் அவ்வளவுதான்.

ஆக, போகாமல் இருப்பதும் இலவசம் இல்லை.

மறுபக்கம் பாப்பா. எட்டு வயது, தொடக்கநிலை இரண்டு. மழைக்காலத்தில் நெஞ்சு இழுக்கும், பையில் எப்போதும் நீல நிற இன்ஹேலர் இருக்கும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இன்னும் ஊசி கிடையாது. எங்கள் இருவருக்கும் ஜூனிலேயே இரண்டாவது ஊசி முடிந்தது. ஊசி போட்டவருக்கு நோய் முற்றாது என்பது பெரும்பாலும் சரி. ஆனால் டெல்டா வகைக் கிருமி வந்த பிறகு தொற்றவே தொற்றாது என்று யாரும் சொல்வதில்லை.

மனைவி சொன்னது: "போக வேண்டாம்னு நான் சொல்லலைங்க. ஆனா நீங்க போனா பாப்பாவும் போன மாதிரி. அதை மட்டும் கணக்குல வெச்சுக்குங்க."

10 ஆகஸ்ட், செவ்வாய்

காலை ஏழு மணிக்கே மாஸ்டர் படம் அனுப்பிவிட்டார். வியர்வையில் நனைந்த பனியன், கட்டைவிரல் உயர்த்தி. பின்னால் கண்ணாடிச் சுவர் முழுக்க நீராவி படிந்திருந்தது. அவர் படத்தில் நான் கவனித்தது அந்த நீராவியைத்தான். தொழில் புத்தி.

பதினெட்டு வருடமாகக் கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன். ஏர்கான், எக்ஸாஸ்ட், பம்ப், லிஃப்ட் எல்லாம் என் தலையில்தான். போன ஆண்டிலிருந்து எங்கள் கட்டடத்தில் காற்றுதான் முக்கால்வாசி வேலை. வெளிக்காற்றை உள்ளே விடும் டேம்பர் கதவை முழுசாகத் திறந்து வைத்தோம், கழிவறை எக்ஸாஸ்ட்டை நிறுத்தாமல் ஓட விட்டோம், காற்றைச் சுழற்றும் ஏஹெச்யூ இயந்திரத்தில் நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 14 ஃபில்டர் மாட்டினோம். மின்கட்டணம் பார்த்து மேலாளர் முகம் சுளித்தார், மாட்டியதைக் கழற்றவில்லை.

இரவு உட்கார்ந்து தென் கொரியா விஷயத்தைத் திரும்பப் படித்தேன். 2020 தொடக்கத்தில் சொனான் நகரில் உடற்பயிற்சி நடன வகுப்புகளிலிருந்து பன்னிரண்டு கூடங்கள் வழியாக 112 பேருக்குத் தொற்று. சின்ன அறை, ஐம்பது நிமிட வகுப்பு, எல்லாரும் மூச்சு வாங்க ஆடியிருக்கிறார்கள். அதே இடத்தில் தொற்றிய ஒரு பயிற்றுநர் பிலாட்டிஸ், யோகா வகுப்பும் எடுத்திருக்கிறார். ஏழெட்டுப் பேர் கொண்ட அந்த வகுப்புகளில் ஒருவருக்கும் வரவில்லை. கூடம் மட்டும் காரணம் இல்லை; மூச்சு எவ்வளவு வேகமாக உள்ளே வெளியே போகிறது, அந்த மூச்சு எங்கே போய்ச் சேருகிறது என்பதும் இருக்கிறது.

போன மாதம் அதே கொரியாவில் சோல் வட்டாரத்தில் ஒரு விதி போட்டார்கள்: டிரெட்மில் மணிக்கு 6 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, குழு வகுப்பில் பாட்டு நிமிடத்துக்கு 120 தாளத்துக்கு மேல் போகக்கூடாது. உலகமே சிரித்தது. எனக்கு அதில் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. நம் குத்துப்பாட்டு எதுவும் அந்தச் சோதனையில் தேறாது என்பது வேறு விஷயம்.

12 ஆகஸ்ட், வியாழன்

வேலை முடிந்து கடைத்தொகுதியில் இருக்கும் எங்கள் ஜிம்மைப் பார்க்கப் போனேன். பயிற்சிக்கு இல்லை, பார்க்க மட்டும். டிரேஸ்டுகெதர் செயலியில் ஊசி போட்டதைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. பையில் அலுவலகத்துக் கரியமில வாயு மீட்டர்.

குறை சொல்ல முடியாத அளவுக்குத் துடைத்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஸ்பிரே, துணி. தரையில் இரண்டு மீட்டருக்கு ஒரு மஞ்சள் கோடு. ஒரு பையன் டம்பெல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஏதோ நகைக்கடையில் வேலை செய்வது போலத் துடைத்துக்கொண்டிருந்தான். லாவெண்டர் வாசனை வேறு.

மேலே பார்த்தால், கூரையில் வரிசையாக கேசட் ஏர்கான் யூனிட். அதெல்லாம் அறைக் காற்றையே இழுத்துக் குளிராக்கித் திரும்ப அதே அறைக்குள் விடும் ரகம். புதுக் காற்று வர வேறு வழி இருக்க வேண்டும். மூலையில் ஒரு எக்ஸாஸ்ட் கிரில் தெரிந்தது. யாரும் பார்க்காதபோது கைக்குட்டைத் தாளைப் பிரித்து, ஒரு மெல்லிய அடுக்கை மட்டும் எடுத்து கிரில்மேல் வைத்துக் கையை எடுத்தேன். இழுக்கிற காற்று இருந்தால் தாள் கிரில்லோடு ஒட்டி நிற்கும். அது ஒரு நொடிகூட நிற்காமல் ஆடி ஆடி தரைக்கு வந்தது. விசிறி ஓடவில்லை, அல்லது காற்று போகும் டக்ட் குழாய் எங்கோ அடைத்திருக்கிறது.

மீட்டரைப் பெஞ்ச் பிரெஸ் பக்கம் வைத்துச் சற்று நேரம் விட்டேன். பத்து லட்சத்துக்கு 1,400 பங்கைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. வெளிக்காற்றில் நானூற்றுச் சொச்சம் இருக்கும். அதற்கு மேல் 700 வரைதான் ஏறலாம் என்பது கட்டட உட்காற்றுக்கான நம்மூர் எஸ்எஸ் 554 தரநிலை. அந்த மீட்டர் கிருமியை அளப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் விட்ட மூச்சு எவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு அடையாளம், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதும்.

கவுண்ட்டரில் இருந்த இளைஞரிடம் எக்ஸாஸ்ட் பற்றிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஏர்கான் நன்றாகக் குளிர்கிறதே என்றார். அவர்மேல் கோபமில்லை. குளிர்ந்தால் காற்று நல்ல காற்று என்று நினைக்காதவர் இந்தத் தீவில் எத்தனை பேர்?

அப்புறம் ஒரு தாளை நீட்டினார். உறுப்பியத்தை முடக்கி வைத்திருப்பது ஆகஸ்ட் 31 வரைதான், அதற்குள் தொடர்வதா ரத்து செய்வதா என்று சொல்லிவிட வேண்டுமாம்.

17 ஆகஸ்ட், செவ்வாய்

முதல் ஊசி போட்ட ஆறாம் நாள் பளு தூக்கிவிட்டு நெஞ்சு நின்றுபோன பதினாறு வயதுப் பையனுக்கு $225,000 நிதி உதவி என்று செய்தி. ஊசியால் வந்த இதயத் தசை அழற்சியாக இருக்கலாம், கடுமையான பளுவும் நிறைய காஃபினும் அதைக் கூட்டியிருக்கலாம் என்று சுகாதார அமைச்சு சொல்லியிருக்கிறது. பையன் தேறிவருகிறான் என்பது ஆறுதல்.

மனைவி இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் ஊசி முடிந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது, ஒரு வாரம் பளு வேண்டாம் என்ற அறிவுரை எனக்குப் பொருந்தாது என்று விளக்கினேன். "சரி, ஆனா மூணு மாசமா ஒண்ணுமே தூக்காத ஆளு நேரா பழைய வெயிட்டுக்குப் போகாதீங்க" என்றாள். சண்டை போட இடமே வைக்காமல் பேசுவது அவளுக்குக் கைவந்த கலை.

22 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று தேசிய தின அணிவகுப்பு. 9ஆம் தேதியிலிருந்து தள்ளிப்போட்டது. பாப்பா கொடியோடு சோபாவில் நின்று பார்த்தாள்.

இன்று காலை ஊபி வட்டாரத்துக்குப் போனேன். அங்கே தொழிற்பேட்டைக் கட்டடத்தில் ஒரு சின்ன ஜிம் இருக்கிறதென்று எங்கள் ஏர்கான் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். ஏர்கான் ஆளே ஏர்கான் இல்லாத ஜிம்முக்கு வழி சொன்னதை மாஸ்டரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும்.

சரக்கு இறக்கும் பக்கம் ரோலர் ஷட்டர் முழுசாக மேலே ஏற்றியிருந்தது. எதிர்ப்பக்கம் ஜன்னல்கள் திறந்திருந்தன. ஆள் உயரத்துக்கு இரண்டு விசிறி, காற்றை ஒரு பக்கமிருந்து உள்ளே வாங்கி மறுபக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. மீட்டர் 500ஐத் தொடவில்லை. தாள் சோதனைக்கு அவசியமே இல்லாமல் போயிற்று; வரவேற்பு மேசைமேல் இருந்த ரசீதுகள் பறக்காமலிருக்க இரண்டரைக் கிலோ தட்டை மேலே வைத்திருந்தார்கள்.

குறையும் உண்டு. கீழ்த்தளத்துப் பட்டறையிலிருந்து கார் பெயிண்ட் வாடை. வெக்கை. பார்பெல் கையில் வழுக்குகிறது. கண்ணாடி கிடையாது, ஸ்குவாட்டில் முழங்கால் உள்ளே வளைகிறதா என்று பார்க்க வழியில்லை. ஆனால் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மேல் யாரும் வருவதில்லையாம், வெயில்.

வெறும் பாரோடு தொடங்கினேன். இறங்கி எழும்போது தொடை நடுங்கியது. நடுங்கினாலும் சந்தோஷமாக இருந்தது, அதை எழுதாமல் விட முடியாது.

30 ஆகஸ்ட், திங்கள்

நாட்டில் 80 விழுக்காட்டினருக்குத் தடுப்பூசி முழுமையாகப் போட்டாயிற்று என்று நேற்று அறிவிப்பு. மாஸ்டர் பட்டாசு எமோஜி அனுப்பினார். எங்கள் வீட்டில் மூன்றில் இரண்டு பேர்தான் என்று எழுதப் போய், அழித்துவிட்டேன். மனிதர் மகிழ்ச்சியைக் கெடுப்பானேன்.

கடைத்தொகுதி ஜிம்முக்கு ரத்து என்று எழுதி அனுப்பினேன். எக்ஸாஸ்ட் விஷயத்தையும் இரண்டு வரியில் சேர்த்தேன். ஊபியில் மாதக் கட்டணம் இல்லை, போகிற அன்று கொடுத்தால் போதும். இந்தக் காலத்துக்கு அது தோதாக இருக்கிறது.

மனைவிக்கும் எனக்கும் ஒப்பந்தம்: ஆள் இல்லாத நேரத்தில் மட்டும். ஷட்டர் இறங்கியிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுவது. வீட்டுக்கு வந்ததும் நேராகக் குளியல். பாப்பாவுக்கு இழுப்பு இருக்கிற வாரம் போவதில்லை.

7 செப்டம்பர், செவ்வாய்

பேருந்து நிலையங்களில் தொற்றுக் குழுமம், நாளுக்கு ஒரு நிலையம் சேர்கிறது. மாஸ்டரின் பழைய சகாக்கள் சிலர் தனிமைப்படுத்தலில் இருக்கிறார்கள். அவருக்கு இன்று குரலே சரியில்லை. நாளை முதல் வேலையிடத்தில் ஒன்றுகூடல் எதுவும் கூடாதென்று சுற்றறிக்கை வந்தது.

19 செப்டம்பர், ஞாயிறு

நேற்று ஒரே நாளில் 1,009 பேருக்குத் தொற்று.

அஞ்சலில் வந்த ஏஆர்டி பெட்டியை, வீட்டிலேயே எடுக்கும் விரைவுச் சோதனைக் கருவிகளை, பிரித்தோம். வீட்டுக்கு ஆறு. பாப்பாவுக்குத்தான் முதலில் எடுத்தோம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உறுதியாகியிருந்தது. மூக்கில் குச்சி போனதும் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் தலையை அசைக்கவில்லை. பிறகு நேரமானியை அவளே கையில் வைத்துக்கொண்டு கட்டளை போட்டாள்: "அப்பா, யாரும் தொடாதீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்." ஒரே கோடு, தொற்றில்லை.

ஊபி போகவில்லை. தடை ஏதுமில்லை, ஷட்டரும் திறந்துதான் இருந்திருக்கும். வகுப்பில் தொற்று வந்த வாரம் நான் இன்னொரு கதவைத் திறந்து வைக்க விரும்பவில்லை.

24 செப்டம்பர், வெள்ளி

27 முதல் ஒன்றுகூட மறுபடி இரண்டு பேர் வரைதான். ஜிம்களை இந்தத் தடவை மூடவில்லை, ஊசி போட்டவர்கள் இருவர் இருவராகச் செய்யலாம். தொடக்கநிலை ஒன்று முதல் ஐந்து வரை அக்டோபர் 6 வரை வீட்டிலிருந்து படிப்பு.

மாஸ்டர் அழைத்தார். கடைத்தொகுதி ஜிம்மில் எக்ஸாஸ்ட் விசிறியைப் பழுதுபார்க்க ஆள் வந்து ஏணி போட்டிருந்தானாம். "உங்க வேலையா தம்பி?" என்றார். தெரியாது என்றேன், எனக்கு உண்மையாகவே தெரியாது. ஆனாலும் அவர் அங்கே போவதைக் கொஞ்ச நாள் நிறுத்துகிறாராம். மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இந்த வாரம் வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள்.

என் புளோக்குக்குக் கீழே உடற்பயிற்சி மூலை இருக்கிறது. புல் அப் கம்பி, இணைக் கம்பி, மேலே கூரை கிடையாது. பாப்பாவின் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் காலை ஆறரைக்குச் செய்தால் வெயிலும் இருக்காது. திங்கள் முதல் அங்கே. இரண்டு கெட்டில்பெல் மாஸ்டர் வண்டியில் கொண்டு வருகிறார், பாய் என்னுடையது. மழை பெய்தால் வெற்றுத்தளம். அங்கேயும் நான்கு பக்கமும் திறந்துதான் இருக்கிறது. டிசம்பரில் அடுத்த ரத்தப் பரிசோதனை.