அம்மாவின் கேத்திலும் என் பென்சிலும்

சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்தபோது, பொருட்களைப் பார்த்து வரைவதுதான் எனக்குப் பயம். அலங்காரம், கற்பனைப் படம் எல்லாம் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். ஒரு செம்பை முன்னால் வைத்தால் கை ஓடாது. தருமபுரத்து வீட்டில் அம்மாவின் அலுமினியக் கேத்திலை வாசலோரம் வைத்து ஒரு மாதம் அதையே கீறினேன்.

முதற்படத்தைப் பார்த்த அம்மா, "இது ஆற்றை கேத்தில் பிள்ளை? எங்கடையிலை நெளிவெல்லோ இருக்கு" என்றா. 2009இல், போரால் இடம்பெயர்ந்து இருந்த செட்டிக்குளம் முகாமில் விழுந்த நெளிவு. தினமும் அதில்தான் தேத்தண்ணி குடித்தேன், கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடுவதில்லை, பார்ப்பது மட்டும்தான்.

மூடியைக் கழற்றிவிட்டு வாயைப் பாருங்கள். கண்மட்டத்துக்குக் கிட்ட இருக்கும் வட்டம் ஒடுங்கித் தெரியும், கீழே போகப்போக விரியும். அதனால் அடிப்பக்கம் வாயைவிடக் கூடுதலாக வளையவேண்டும். வாயை முட்டை மாதிரிப் போட்டுவிட்டு அடியை அடிமட்டம் வைத்துக் கீறினால் கேத்தில் நிற்காது. வகுப்பில் பாதிப்பேர் இதில்தான் விழுந்தோம். கைபிடி சரிவராவிட்டால் கைபிடியை விடுங்கள். அதற்கும் உடலுக்கும் இடையில் தெரியும் வெளியின் வடிவத்தைக் கீறுங்கள், கைபிடி தானாக வரும்.

நெளிவுதான் என்னை வதைத்தது. புடைத்த இடத்தில் வெளிச்சம் வரும் பக்கம் வெளிறியிருக்கும். குழிந்த இடத்தில் மறுவளம்: வெளிச்சத்துக்குக் கிட்டிய ஓரம் கறுப்பு, எட்டிய ஓரம் வெள்ளை. இது பிடிபட நாலு தாள் கிழிந்தது. இருட்டுப் பக்க விளிம்பில் சீமெந்து நிலத்திலிருந்து பட்டுத் தெறிக்கும் மெல்லிய வெளிச்சமும் இருக்கும். அதை வெளிச்சப் பக்கத்தைவிட வெளுப்பாக விட்டுவிடாதீர்கள்.

தகரக் கூரை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. ஆணி ஓட்டைகளால் விழும் வெயில் பொட்டுகள் பொருளின்மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வாசல் வெளிச்சம் மட்டும் படும் இடத்துக்கு நகர்த்துங்கள், நிழலின் எல்லையை முதலிலேயே மெல்லக் குறியுங்கள்.

எழுதும் எச்பி பென்சிலை அழுத்தினால் கறுப்பு வராது, தாள்தான் பள்ளமாகிப் பளபளக்கும். அதைவிட மெதுவான, கறுப்பான 4பி பென்சில் வேண்டும், அதுவும் கேத்தில் நிலத்தைத் தொடும் இடத்துக்கு. விரலால் தேய்க்கவேண்டாம். எங்கள் வெக்கையில் வியர்வை எல்லாவற்றையும் அப்பிவிடும்.

பரீட்சையில் கேத்தில் வரவில்லை. பானையும் சுளகும் வைத்தார்கள். சுளகின் ஓரத்தில் ஒரு ஓலை பிரிந்து நின்றது. முதலில் குறித்தது அதைத்தான்.